கார் நின்ற நிழல்

எல்லாப் பிரார்த்தனைக் கூடங்களிலும் இவர் உண்டு. உங்கள் கூடத்தில் இல்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள், முளைத்துவிடுவார். இவர்தான் பசுமைக் குழுத் தலைவர். பூமியைப் படைத்த கையோடு கடவுள் அதன் பராமரிப்பைத் தன்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார் என்பது இவர் நினைப்பு.

துணிப்பையோடு வருவார். அதற்குள் இன்னொரு துணிப்பை, மறந்து வந்தவர்களுக்கு. கூடவே ஒரு முறைப்பும் இலவசம். எல்லோரும் கண்ணை மூடி உருகிக்கொண்டிருக்கும்போது இவர் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து, ஆளில்லாத மூலையில் சுற்றும் மின்விசிறியைக் கண்டுபிடித்து, நுனிக்காலில் போய் அணைத்துவிட்டு, மோட்சத்தில் துண்டு போட்டு இடம் பிடித்த முகத்தோடு திரும்புவார். கையில் காகிதக் கோப்பை வைத்திருந்தால் நீங்கள் கொலைகாரர். இரண்டு வைத்திருந்தால்? எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

எங்கள் தலைவருக்குப் போன மாதம் ஞானம் பிறந்தது: கூரையில் சோலார் தகடு போட வேண்டும். இடைஞ்சல், வாசல் மரம். அதன் நிழல் பாதிக் கூரையை மூடியிருந்தது.

"அதுக்கென்ன, வெட்டிடுவோம்."

பாட்டு டீச்சர் பதறிப்போனார். உள்ளே இடமில்லாததால் அந்த மரத்தடியில்தான் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறார்.

"மரத்தை வெட்டியா சார் பூமியைக் காப்பாத்துறது?"

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. இது பெரிய விஷயம்."

"அப்ப என் பிள்ளைங்க எங்க உக்காரும்?"

"எல்லாம் அதுங்க எதிர்காலத்துக்காகத்தானே!"

கை தூக்கச் சொன்னார். டீச்சரைத் தவிர அத்தனை பேரும் தூக்கினோம். அந்த முறைப்புக்கு அவ்வளவு சக்தி.

மரம் வெட்டுகிறவர் ரம்பத்தோடு வந்து சேர்ந்தார். டீச்சர் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"யாரு காரு இது? எடுத்தா ஆரம்பிச்சிடலாம்."

தலைவருடையது. அந்த நிழலில் பாதி வகுப்புக்கு என்றால், மீதிப் பாதி எப்போதும் இந்தக் காருக்குத்தான்.

"எடுத்து எங்கப்பா போடுறது?"

"அந்தப் பக்கம் போடுங்க சார்."

"அங்க வெயிலா இருக்கே!"

"இனிமே எந்தப் பக்கமும் வெயில்தான் சார்."

தலைவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். காரைப் பார்த்தார். புதிதாக மாட்டிய இருக்கை உறையைப் பார்த்தார். பிறகு மெல்ல மரத்தைத் தடவிக்கொடுத்தார்.

"என்ன இருந்தாலும் இதுவும் ஒரு உயிர் இல்லையா?"

டீச்சர் சுருட்டிய பாய்களை மறுபடி விரித்தார். அடுத்த வாரம் தலைவர் மரங்களின் மகிமையைப் பற்றிப் பேசப் பேச, நாங்கள் கண்கலங்கிவிட்டோம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கும் துணிப்பைகளைப் பற்றியெல்லாம் நான் வாய் திறக்க மாட்டேன். வாசலை மட்டும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, மிச்சத்தைச் சிரியுங்கள்: உங்கள் வண்டி இப்போது எங்கே நிற்கிறது?