தொழில்: இடியாப்பம்

மரியாதைக்குரிய மச்சான் கிதர் முகம்மது அவர்களுக்கு,

பேகம்பூரிலிருந்து ஜெகபர் அலி ஸலாமுடன் எழுதுவது. திருச்சியில் நீங்களும் வீட்டாரும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்திருப்பதால் முக்கால் சுகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதற வேண்டாம், முதலிலிருந்து சொல்கிறேன். நான் வேலை பார்த்த நூல் மில்லை ரம்ஜானுக்கு முன்பே மூடிவிட்டார்கள். உங்கள் தங்கை ரஃபியாவை நான் பெண் கேட்டு வந்த அன்று, "மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலை அத்தா" என்று உங்கள் தகப்பனாரிடம் எனக்காகப் பேசியவர் நீங்கள். உங்களிடம் எந்த முகத்தோடு சொல்வது? நீங்கள் போன் செய்யும்போதெல்லாம் "ஷிப்ட்ல இருக்கேன் மச்சான்" என்றேன். மெஷின் சத்தத்தையே காணோமே என்று நீங்கள் கேட்ட அன்று மிக்சியை ஓடவிட்டேன்.

வேலை போனவர்களுக்கு இ.எஸ்.ஐ.யில் கொஞ்ச காலம் பாதிச் சம்பளம் தருவார்கள் என்று உடன் வேலை பார்த்த மலைச்சாமி சொன்னான். போனேன். கவுண்டரில் இருந்த அம்மா எல்லாம் கேட்டுவிட்டு, "வேலை நேரத்துல போன் பண்ணா எடுப்பீங்கள்ல?" என்றார். வேலையே இல்லாதவனிடம் வேலை நேரம்! எடுப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பணம் வந்தது மச்சான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அந்தப் பணம் நின்று, இ.எஸ்.ஐ. வைத்தியமும் நின்ற பிறகு, அதற்காகவே காத்திருந்த மாதிரி என் குடல் இறங்கியது. குனிந்தால் நிமிர முடியவில்லை.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கினால் ஆபரேஷனுக்கு ஆகும் என்றார்கள். அதற்கு வருமானச் சான்று வேண்டுமென்று நானும் ரஃபியாவும் வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போனோம். வருமானம் எவ்வளவு என்றார். ஒன்றுமில்லை என்றேன். "ஒண்ணுமே இல்லாம இம்புட்டு நாளா எப்படிச் சாப்டீங்க?" என்று அவர் கேட்க, எனக்கே அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ரஃபியா முந்திக்கொண்டு, "நான் காலையில இடியாப்பம் விக்கிறேன் சார், எழுதிக்கங்க" என்றாள். பொழுதுபோகாமல் செய்கிறாள் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வி.ஏ.ஓ. நிமிர்ந்து பார்த்தார். "பள்ளிவாசல் முக்குல விக்கிறது நீங்கதானா? தேங்காப்பால் செத்த தண்ணியா இருக்கும்மா."

"வருமானத்தை உள்ளபடி எழுதுங்க சார். அதுக்குத் தகுந்த பால்தான் வரும்."

அவர் சிரித்துக்கொண்டே எழுதினார். அட்டை வந்தது, ஆபரேஷனும் ஆனது. ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகும் முன் நர்ஸ் என்ன தொழில் என்று கேட்டார். மில் என்று வாய் வரை வந்துவிட்டது. வாசலில் ரஃபியா தஸ்பீஹ் மணி உருட்டியபடி நின்றிருந்தாள். "இடியாப்பக் கடை. ஓனர் அங்க நிக்கிறாங்க" என்றேன்.

உங்கள் ஜவுளிக் கடையில் வந்து உட்காரச் சொல்வீர்கள் என்று தெரியும். கோபிக்காதீர்கள், இங்கேயே சமாளித்துக்கொள்கிறோம். நீங்கள் சிரமப்பட்டு வரவும் வேண்டாம். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். அல்லாஹ் உங்கள் வியாபாரத்தில் பரக்கத் செய்யட்டும்.

இப்படிக்கு,
ஜெகபர் அலி

பி.கு: இதை ரஃபியாவிடம் படித்துக் காட்டினேன். "மில் மூடுன அன்னைக்கே அண்ணனுக்குச் சொல்லிட்டேனே. இடியாப்ப உரல் வாங்கி அனுப்புனதே அவுகதான். நாளைக்கு வாராக, நீங்க எந்திரிக்கிற வரைக்கும் மாவு பிழிய ஆளு வேணும்ல" என்கிறாள். ஆகவே இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. வந்ததும் கையில் தருகிறேன். படித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி ஒரு தடவை அதிர்ச்சி அடைந்தால் போதும்.