தெரிந்தே போட்ட கையெழுத்து

என் பெயரைத் தவிர வேறொன்றும் எனக்கு எழுதவோ படிக்கவோ வராது என்பதை அறுபது வயது வரை வீட்டு வாசலைத் தாண்டி ஒரு உயிரிடமும் நான் சொன்னதில்லை. (இப்போது எழுத்துக் கூட்டுகிறேன். பட்ட பிறகு வந்த புத்தி.)

சங்கராபுரம் பக்கம் ஒரு அரிசி ஆலை. அவித்த நெல்லைக் களத்தில் கொட்டி, வெயிலில் காலால் துழாவுகிற வேலை. பத்தொன்பது வருடம் துழாவினேன். பன்னிரண்டு பெண்களில் பதினோரு பேர் கைநாட்டு, நான் ஒருத்திதான் கையெழுத்து. ரேஷன் அட்டையைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகியது. 'கன்னியம்மாள்' என்று எழுதி முடித்து ஒரு கோடு இழுப்பேன் பாருங்கள், கலெக்டர்கூட அப்படி இழுக்க மாட்டார்.

ஒருநாள் மேஸ்திரி ஆளுக்கொரு காகிதம் கொண்டுவந்தார். "அடையாள அட்டை குடுக்கப் போறாங்க. எல்லாம் நாட்டு வைங்க."

"இன்னாக்கா எழுதிக்கீது?" என்று தனபாக்கியம் என்னைக் கேட்டாள். நான் காகிதத்தைத் தூக்கிப் பிடித்து, கொஞ்ச நேரம் உதட்டை அசைத்து, "சரியாத்தான் கீது, வைங்கடி" என்றேன். வைத்தார்கள்.

திங்கட்கிழமை போனால் கேட்டைச் சாத்திவிட்டார்கள். "நீங்களே வேலைய வுட்டு நின்னுக்கிறோம்னு எழுதிக் குடுத்துட்டீங்களே" என்றார் மேஸ்திரி. எங்களுக்குப் பதிலாகக் கான்ட்ராக்ட் ஆட்கள் களத்தில் துழாவிக்கினு இருந்தார்கள். என் வீட்டுக்காரர் வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து கிடந்த காலம் அது. அந்தக் கூலியில்தான் அவருக்கு மாத்திரை.

தொழிலாளர் ஆபீசில் மனு கொடுத்தோம். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி ஒரு சின்ன வயதுப் பெண். ஆலை வக்கீலைப் பார்த்து, "படிக்கத் தெரியாதவங்களுக்குப் படிச்சுக் காட்டாம ராஜினாமா வாங்கியிருக்கீங்க. இது நிக்காது" என்றார்.

வக்கீல் பதினோரு பேரைத் திரும்ப எடுக்க ஒப்புக்கொண்டார். "ஆனா இந்தம்மா கையெழுத்தே போட்டிருக்காங்க மேடம். படிச்சுட்டுத்தானே போட்டிருப்பாங்க?"

அதிகாரி காகிதத்தை என்னிடம் நீட்டினார். "படிக்கத் தெரியுமாம்மா?"

"கண்ணாடி எடுத்தாரலீங்க."

வக்கீல் தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். மாட்டினேன். ஆபீசே தண்ணீருக்குள் மூழ்கினது போல ஆடியது.

"தெரியலன்னா சொல்லிடுங்கம்மா. அதுல ஒரு கேவலமும் இல்ல. உங்களுக்குத்தான் நல்லது" என்றார் அதிகாரி.

தனபாக்கியம் என் தொடையைக் கிள்ளினாள். "தெரியாதுன்னு சொல்லுக்கா!"

ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் மறுநாளே களம். ஆனால் பதினோரு பேரும் என்னையே பார்த்துக்கினு நிற்கிறார்கள். நான் "சரி" என்று சொன்னதை நம்பி விரலை மையில் தொட்டவர்கள்.

"யாருக்குடி தெரியாது?" என்றேன். "தெரிஞ்சேதான் போட்டேங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து, நான் சொன்னதை எழுதிக்கொண்டார். வக்கீல் கண்ணாடியைத் திரும்பக் கேட்டார்.

பதினோரு பேரும் வேலைக்குப் போனார்கள். நான் ஜீப்பில் தொற்றிக்கொண்டு வெள்ளிமலைக்குச் சாமைக்குக் களை எடுக்கப் போனேன், பாதிக் கூலிக்கு.

விசாரணை முடிந்த அன்றே வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். இழுத்துக்கொண்ட வாயால் மெதுவாகக் கேட்டார்: "கையெழுத்து… நல்லா வந்துச்சா?" பாதி முகம் மட்டும் சிரித்தது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் எது கெட்டாலும் இதுதான் கேள்வி. சாம்பார் தீய்ந்தாலும், மகன் ஏமாந்து ஓட்டை வண்டி வாங்கி வந்தாலும், "கையெழுத்து நல்லா வந்துச்சா?"

மறுவருடம் அவர் போய்விட்டார். உடம்பை வாங்கிக்கொள்ள ஆஸ்பத்திரியில் ஒரு தாளை நீட்டினார்கள். போட்டேன். என் மகன் அழுதுகொண்டே எட்டிப் பார்த்து, "நல்லா வந்துச்சாம்மா?" என்றான். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். நர்ஸம்மா எங்களைப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார்.