கலசம் போட்ட யூதக் காசு

மயிலாப்பூரில் அவநம்பிக்கையை முழுநேர உத்தியோகமாகப் பார்த்தவர் ஒருவர்தான். நான் பிரம்மச்சாரியாகக் குடியிருந்த வீட்டின் பக்கத்துப் போர்ஷன் காசு மாமா. பொழுது விடிந்தால், "இன்னிக்கும் விடிஞ்சுடுத்தா!" என்று தலையில் கை வைத்துக்கொள்வார். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. எதிரே யார் தும்மினாலும் மனசுக்குள் ஈமக்கடன் முடித்துவிடுவார்.

பழங்காசு சேர்ப்பவர் என்பதால் அந்தப் பெயர். சேர்த்தது என்னவோ ஒரே காசு. பாலஸ்தீனத்திலிருந்து காலில் அடிபட்டுத் திரும்பிய சைதாப்பேட்டைச் சிப்பாயிடம், மாமனார் போட்ட கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்து வாங்கியது. அதனாலேயே மாமி கண்ணில் மட்டும் அதைக் காட்டியதில்லை.

"தேஞ்சு போன காசு சாமி. இதுக்குப் போயி வாச்சைக் குடுக்கறியே, இன்னா ஆச்சு உனுக்கு?" என்று சிப்பாயே கெஞ்சினானாம்.

கறுத்த, சின்னச் செப்புக் காசு. ஒரு பக்கம் இரண்டு கைப்பிடி வைத்த ஜாடி. மறுபக்கம் திராட்சை இலை. சுற்றிலும் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. சாந்தோம் பாதிரியார் ஒருவர் படித்துச் சொல்லியிருந்ததை மாமா எனக்கு ஒப்பிப்பார்.

"ராஜா தலை இருக்கா பாருடா. கிடையாது! ரோமாக்காரனை எதிர்த்துண்டு யூதர்கள் தாங்களே அடிச்ச காசு. சீயோனுக்கு, அதான் ஜெருசலேமுக்கு, விடுதலைன்னு எழுதியிருக்கு!"

"விடுதலை கெடச்சுதா மாமா?"

"எங்கே கெடைக்கறது? அவா கோவிலையே கொளுத்திட்டான்" என்பார், தன் வீடே எரிந்த மாதிரி. ஆனாலும் அவர் முகத்தில் கொஞ்சம் உயிர் தெரிவது அந்தக் காசைத் தொடும்போது மட்டும்தான்.

யுத்தம் முற்றி, ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியது. தெரு வெறிச்சோடியது. மாமியும் ஊருக்குக் கிளம்பவேண்டும். மாமாவுக்கு ஆபீஸில் லீவு இல்லை. நாம் போனாலும் காசாவது பிழைக்கட்டும் என்று, பூஜை அலமாரியில் பித்தளைப் பிள்ளையாருக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

வியாழக்கிழமை விளக்குத் தேய்க்க உட்கார்ந்த மாமியின் கையில் அது அகப்பட்டது. ஒரு பக்கம் கலசம், மறுபக்கம் வெற்றிலை. எந்த மாமிக்குச் சந்தேகம் வரும்? புளி போட்டு, நாரால் தேய்த்து, சந்தனம் குங்குமம் இட்டுவிட்டாள்.

சாயங்காலம் மாமா அலறிய அலறலில் தெருவில் மிச்சமிருந்த இரண்டு பேரும் குண்டு விழுந்ததென்று குப்புறப் படுத்துவிட்டார்கள். நான் ஓடினேன். காசு பளபளவென்று இருந்தது. இலையும் இல்லை, எழுத்தும் இல்லை. ஜாடி இருந்த இடத்தில் லேசாக ஒரு மேடு.

"ரோமாக்காரனாலே அழிக்க முடியலையேடா" என்றவர், தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். சிரிக்க வந்த நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மாமி பூக்கூடையோடு உள்ளே வந்தாள்.

"ஏன்னா அழறேள்? நம்மாத்துல லக்ஷ்மி காசு இருக்கேன்னுதான் தேச்சு வெச்சேன். நாளைக்குப் பூஜை பண்ணி உங்க இடுப்புல முடிஞ்சு விட்டுட்டா, நான் பயப்படாம ரயிலேறுவேன். தப்பாப் பண்ணிட்டேனா?"

மாமா அந்தக் காசைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நீ ஊருக்குப் போறயேன்னு அழுதேன்டி" என்றார்.

அந்த ஒரு பொய்க்காகவே, அந்த மனுஷரை இன்றைக்கும் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.