திருவட்டாற்று வாடிக்கையாளர்

கணக்குத் தெரியாமல் தப்புப் பண்ணுகிறவர்களை மன்னித்துவிடலாம். கணக்குத் தெரியும் என்ற திமிரில் தப்புப் பண்ணுகிறவர்களை என்ன செய்வது? நான் அந்த இரண்டாவது வகை. அதிலும் வண்ண வண்ணமாய் வரைபடம் போட்டு, நாலு பேரை உட்கார வைத்து விளக்கிச் சொல்லித் தப்புப் பண்ணியவள். இதை எழுதும்போதுகூடக் காது சூடாகிறது.

படிப்பு முடிந்ததும் வங்கித் தேர்வுக்குப் படிக்கச் சொன்னார் அப்பா. நான் ஒரு வருடம் தவணை கேட்டேன். சுசீந்திரத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்ற தொழிலில் இறங்கினேன். (ஊர்ப் பேச்சில் சொன்னால் தரகு. ஆனால் தரகு என்று சொன்னால் அப்பா தவணை தந்திருக்க மாட்டார்.) சமையலறைச் சாமான்களைப் பற்றி என் இணையதளத்தில் எழுதுவேன். கட்டுரைக்கு அடியில் உள்ள இணைப்பு வழியாக யாராவது பொருளை வாங்கினால் எனக்குக் கமிஷன். ஆனால் கட்டுரையைப் படிக்க ஆள் வர வேண்டுமே? அதற்காகத் தேடுபொறியில் விளம்பரம் கொடுத்தேன். அந்த விளம்பரத்தை யார் தட்டினாலும், தட்டும்தோறும் என் காசு போகும். வாங்கினால் வரவு, தட்டினால் செலவு. இந்த ஒரு வரியை வீட்டில் ஒழுங்காகச் சொல்லியிருந்தால் இன்று எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு என்று இணைய வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். விளம்பரத்தைத் தட்டியவர்கள் எந்த ஊர், என்ன சொல்லைத் தேடி வந்தார்கள், எந்த நேரத்தில் வந்தார்கள் என்ற தகவலெல்லாம் நமக்குக் கிடைக்கும். அதை வைத்துக் கட்டுரையைத் திருத்தி, விற்காத சொல்லைக் கழித்து, விற்கிற சொல்லில் காசைப் போட்டால் கமிஷன் பெருகும். நான் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். பொருளும் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன்: மின்சாரத் தேங்காய் துருவி. தேங்காய் இல்லாமல் அடுப்பு மூட்டாத மாவட்டத்தில் அது விற்காமல் வேறு எது விற்கும்?

முதல் சில வாரங்கள் ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. நான் சாப்பாட்டில் மனமில்லாமல் தீயல் குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் அம்மா கேட்டாள்.

"ஏட்டி சுபா, அந்தப் பெட்டியத் தொறந்து வச்சுட்டு நீ என்னதான் செய்யுக? ஆளுக கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"எனக்க விளம்பரம் போன்ல வரும்மா. ஆளுக அதத் தட்டணும். தட்டுனாத்தான் நமக்குப் பொழப்பு."

"தட்டுனா போருமா?"

"போரும்."

"தட்டுகவங்களுக்குக் காசு கீசு போவுமா?"

"அவங்களுக்கு ஒண்ணும் போவாது." (இது முழு உண்மை. அதுதான் கொடுமை.)

அம்மா மோர் ஊற்றிவிட்டுப் போய்விட்டாள். இரண்டு மூன்று நாள் கழித்து என் கணினியில் அற்புதம் நடந்தது. கொட்டாரத்திலிருந்து தட்டல்கள். சுசீந்திரத்திலிருந்து தட்டல்கள். தேரூரிலிருந்து தட்டல்கள். எல்லாரும் ஒரே வாசகத்தைத் தேடி வந்திருந்தார்கள்: 'தேங்காய் துருவும் மெஷின் நல்லது எது'. வேறுவேறு ஊர்க்காரர்கள் சொல்லி வைத்தாற்போல் ஒரே வாசகத்தைத் தேடுவது எப்படி என்று ஒரு சாதாரண மனுஷிக்குச் சந்தேகம் வந்திருக்கும். நான் 'மக்கள் குரல்' என்று தலைப்பிட்டுக் குறித்து வைத்தேன். அத்தனை பேரும் சாயங்காலம் நாலு மணிக்கு வந்தார்கள். ராத்திரிச் சமையலை நினைத்துப் பெண்கள் கவலைப்படத் தொடங்கும் நேரம் அதுதான் என்று கண்டுபிடித்தேன். என் கட்டுரைப் பக்கத்துக்கு வந்தவர்கள் கண் இமைப்பதற்குள் வெளியே போயிருந்தார்கள். நாஞ்சில் நாட்டார் வேகமாகப் படிக்கக்கூடியவர்கள் என்று முடிவுக்கு வந்தேன்.

தக்கலையிலிருந்து மட்டும் ஒரு தட்டல்கூட இல்லை. விடுவேனா? தக்கலைப் பக்கம் தேங்காய்ப் புழக்கம் குறைந்துவருவது பற்றி என் தளத்தில் ஒரு நீண்ட கட்டுரையே எழுதினேன். அது வெளியான வாரமே தக்கலையிலிருந்தும் தட்டல்கள் கொட்டின. ஓர் ஊரின் சமையலையே என் எழுத்து மாற்றிவிட்டது என்று நினைத்துப் புல்லரித்துப்போனேன்.

ஒருநாள் விளம்பரத்துக்கு ஒதுக்கிய தொகை நாலேகாலுக்குள் தீர்ந்துவிட்டது. அம்மா துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"மக்ளே, இன்னைக்கு நாலேகாலுக்கு மேல உனக்க விளம்பரத்தக் காணல்லியாம்லா."

'யார் சொன்னது?' என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அம்மாவுக்கும் வியாபார மூளை இருக்கிறதே என்று மெச்சிக்கொண்டு தொகையைக் கூட்டினேன். டியூஷன் எடுத்துச் சேர்த்ததெல்லாம் அதில் போயிற்று.

இவ்வளவு தட்டியும் ஒருவரும் வாங்கவில்லை. தப்பு, ஒரே ஒருவர் வாங்கினார். திருவட்டாற்றிலிருந்து வந்த ஒற்றைத் தட்டல், ஒற்றை விற்பனை. அந்தக் கமிஷன் வந்த அன்று நான் ஆதிகேசவப் பெருமாள் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். முகம் தெரியாத அந்த மனிதர்தான் என் தொழிலுக்கு ஒரே சாட்சி.

சரி, மற்றவர்கள் ஏன் வாங்கவில்லை? இங்கேதான் என் மூளை உச்சத்தைத் தொட்டது. ஆசை இருக்கிறது, ஆனால் இணையத்தில் வாங்கப் பயப்படுகிறார்கள். கடையில் கையால் தொட்டுப் பார்த்து வாங்க நினைக்கிறார்கள். தட்டல்கள் குவிவது எங்கே? கொட்டாரத்தில். என் அக்காவின் கணவர் பாத்திரக்கடை வைத்திருப்பது எங்கே? கொட்டாரத்தில்!

கணினியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் அதிர்ந்து பேசாதவர். ஆவணி முகூர்த்தங்களுக்கு வேண்டிய குத்துவிளக்கு, உருளி, சீர்ப் பாத்திரம் எல்லாம் வாங்கப் பணம் புரட்டி வைத்திருந்தார். வருடத்தில் அந்த ஒரு மாதம்தான் கடை நிமிரும். அக்காவின் மாமியாரும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் வரைபடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

"எனக்கு வெளக்கும் உருளியும் வித்துத்தான் பழக்கம், சுபா" என்றார் அத்தான்.

"அத்தான், திருவட்டாறுல ஒரு ஆளு கண்ணால பாக்காமலே வாங்கியிருக்காரு. பாத்தா வாங்காம இருப்பாங்களா?"

அத்தானுக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டு, "அது ஒரே ஒரு ஆளுல்லா?" என்றார்.

"ஒரு ஆளு வாங்குனா பின்னால நூறு ஆளு நிப்பாங்க. நான் சொல்லல்ல, டேட்டா சொல்லுது." இப்படி நான் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

"கல்யாணச் சமயத்துல வெளக்கு இல்லாத பாத்திரக்கடையா?" என்று மாமியார் முனகினார். அக்கா என் பக்கம் நின்றாள். "அவ படிச்சவ அத்தே. தெரியாமலா சொல்லுவா?" அத்தான் வெகுநேரம் வரைபடத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு சரி என்றார். விளக்குக்கு வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதி தேங்காய் துருவியாக வந்து இறங்கியது. கடை முகப்பில் பெட்டி பெட்டியாக அடுக்கினோம்.

ஆவணி பிறந்தது. சீர் வாங்க வந்தவர்கள் விளக்கு கேட்டார்கள். இல்லையென்றதும் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினார்கள். துருவியைத் தொட்டுப் பார்க்க ஒருவரும் வரவில்லை. "தட்டல் கூடிட்டேதான் இருக்கு, பொறுங்கோ" என்று நான் போனில் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த மாதமே கொட்டாரத்துப் பெரியம்மாவின் மகளுக்குக் கல்யாணம். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் காய்கறி வெட்டு நடக்கும். சொந்தபந்தமெல்லாம் மண்டபத்தில் கூடி, அவியலுக்கும் சாம்பாருக்கும் வட்டமாக உட்கார்ந்து நறுக்கித் தள்ளும். தேங்காய் மலைபோல் கிடக்கும். இதைவிட நல்ல விளம்பர மேடை கிடைக்குமா? கடையிலிருந்து ஒரு துருவியை எடுத்து வந்து நடுக்கூடத்தில் வைத்து, "எல்லாரும் இங்க பாருங்கோ" என்றேன்.

பெரியம்மா பூசணிக்காயை விட்டுவிட்டுத் துள்ளி எழுந்தாள். "ஏட்டி, இது நாம தெனமும் தட்டுக மெஷினுல்லா!"

"நீங்க தட்டுனீங்களா பெரியம்மா? வாங்கவா?"

"வாங்கவா? எனக்கு எதுக்கு இது? உனக்க அம்மை வீட்டுல வந்து முறையா சொல்லிட்டுப் போனா. பிள்ள புதுசா தொழில் தொடங்கியிருக்கு, தெனமும் நாலு மணிக்கு, சீட்டுல எழுதிக் குடுத்ததத் தேடி ஒரு தட்டு தட்டணும்னு. காய்ச்சல்லயும் நான் ஒருநாள் விடல்ல, கேட்டியா."

"நான் வீட்டுல ஒவ்வொருத்தர் போன்லயும் தட்டுனேன்" என்றது ஒரு குரல். "எனக்க மருமோளையும் தட்ட வச்சேன்" என்றது இன்னொன்று. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற உற்சாகத்தோடு ஆளாளுக்கு எழுந்து வாக்குமூலம் கொடுத்தார்கள்.

தக்கலைச் சித்தப்பா தொண்டையைச் செருமினார். "நான் மொதல்ல தட்டல்ல. உள்ளதச் சொல்லுகேன். எனக்குப் போன்லதான் சொன்னா. நேர்ல வந்து சொல்லாம நான் எப்பிடித் தட்டுவேன்? பொறவு பழமும் வெத்தலையும் கொண்டு வந்து கூப்பிட்டா. அன்னையிலிருந்து நான் கொறவு வைக்கல்ல."

தக்கலையில் தேங்காய்ப் புழக்கம் குறைந்ததன் வரலாற்றுக் காரணம் இதுதான்.

ஊரையெல்லாம் அழைத்த அம்மா, அக்கா வீட்டில் மட்டும் மூச்சு விடவில்லை. சம்பந்தி வீட்டில் போய் உதவி கேட்பது கௌரவக் குறைச்சலாம். அங்கே மட்டும் சொல்லியிருந்தால் அத்தான் தப்பித்திருப்பார்.

அப்போது நான் செய்ததுதான் எல்லாவற்றிலும் கேவலம். அத்தனை பேர் நடுவில் நின்று கத்தினேன். "நீங்க தட்டத் தட்ட எனக்க காசுல்லா போச்சு! நீங்க எல்லாருமாச் சேந்து என்ன முடிச்சிட்டீங்க!"

பெரியம்மாவின் முகம் செத்துப்போயிற்று. "அய்யோ மக்ளே, நல்லதுண்ணுல்லா செஞ்சோம்" என்றாள். அம்மா வெள்ளரிக்காயைக் கையில் வைத்தபடி, "தட்டுனா போரும்னு நீதானட்டி சொன்ன?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அக்காவின் மாமியார்தான் முதலில் கணக்கைப் பிடித்தார். "அப்போ எங்க கடையில அடுக்கி வச்சிருக்க பெட்டியெல்லாம்?"

"நான்தாம்மா வாங்குனேன்" என்றார் அத்தான். "அவளா எனக்க கையப் பிடிச்சு வாங்க வச்சா?"

எனக்கு வாயை மூடத் தெரியவில்லை. மூழ்குகிறவள்போலக் கிடைத்ததைப் பிடித்தேன். "எல்லாம் பொய் இல்ல! திருவட்டாறுல ஒருத்தர் வாங்கினாரு. அவரு சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல!"

அத்தான் குனிந்து, ஏற்கெனவே நறுக்கிய அவரைக்காயைத் திரும்ப நறுக்கினார். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். மாமியார் முன்னால் எனக்காக வாக்குக் கொடுத்தவள் அவள். அந்த முதுகைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே வெட்கம் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் கோபம்.

துருவிகள் விற்றுப்போயின. அம்மா மறுபடியும் வெற்றிலை பழத்தோடு வீடு வீடாகப் போய், தலைக்கு ஒன்று என்று விற்றாள். சித்தப்பா பழைய குறையைத் தீர்க்க இரண்டு வாங்கினார். ஆனால் போன ஆவணி போனதுதான். கடை பழைய நிலைக்கு வர அடுத்த வருடம் ஆயிற்று. அதுவரை அக்கா அந்த வீட்டில் என்னென்ன பேச்சுக் கேட்டாள் என்று என்னிடம் சொன்னதில்லை. நான் இப்போது நாகர்கோவிலில் ஒரு விளம்பர நிறுவனத்தில் இதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்கிறேன். புது வாடிக்கையாளர் வந்தால் முதலில் கேட்பது, "உங்களுக்குச் சொந்தக்காரங்க அதிகமா?"

குடும்பத்தில் அதிலிருந்து ஒரு வழக்கம். நான் எதையாவது அடித்துச் சொன்னால் உடனே யாராவது, "திருவட்டாறுல கேட்டியா?" என்பார்கள். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்த ஒரே வாடிக்கையாளரை நான் பிடித்துத் தொங்கியதைக் கிண்டல் செய்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருடம் எனக்குக் கல்யாணம். தாலி கட்டி முடிந்து, பெரியம்மா என் கணவருக்கு ஒவ்வொருவராக அறிமுகம் செய்துகொண்டு வந்தாள். அத்தான் முறை வந்தபோது அவர் தோளைத் தட்டிச் சொன்னாள்: "மாப்பிள்ளே, இவருதான் திருவட்டாறு."

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. பழக்கதோஷத்தில் நானும் சிரித்தேன். பிறகு நிறுத்தினேன். பக்கத்தில் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்த அக்காவைப் பார்த்தேன்.

"ஏட்டி, உனக்கு இன்னுமா தெரியாது?" என்றாள். "நீ சோறு திங்காமக் கெடக்கன்னு நான் சொன்னதக் கேட்டுட்டு, திருவட்டாறு கோயிலுக்கு வெளக்கு கொண்டுபோன எடத்துல நின்னு போன்ல வாங்குனாரு. எனக்கே பொறவுதான் தெரியும். கடையில துருவிய எண்ணிப் பாத்தா, எறக்குனதவிட ஒரு பெட்டி கூடுதலா இருக்கு."

அப்படியானால் அன்று அக்கா வீட்டு முன்னறையில், திருவட்டாறுதான் சாட்சி என்று நான் முழங்கியபோது, அது சாட்சியில்லை என்று தெரிந்த ஒரே மனிதர் என் எதிரில் புரையேறித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருடைய ஆவணி பிழைத்திருக்கும். என் முகம் வாடியிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

மணமேடையில் வைத்தே கேட்டேன். "தெரிஞ்சும் ஏன் அத்தான் வாங்குனீங்க?"

"நீ அவ்வளவு நம்பிக்கையாட்டு சொன்ன. படம் வேற நாலு கலர்ல இருந்துது" என்றார். பிறகு என் கண்ணில் நீர் நிற்பதைப் பார்த்துவிட்டு அவசர அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "மெஷின் கொள்ளாம், சுபா, நல்ல மெஷினுதான். வீட்டுல இப்பவும் அதுலதான் துருவுகோம்."