மாப்பிள்ளை கையில் கேமரா

"அத்த, பொட்டு எங்க வச்சிருக்கீங்கன்னு பாத்தீங்களா?" வெயிலுமுத்து கேமராவை நீட்டினார்.

"கேமராவுக்குத்தான் மாப்ள," என்றாள் முப்பிடாதியம்மாள், வடைச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "மொதமொதல்ல நம்ம வீட்டு விசேசத்துக்கு எடுக்கீங்க. கண்ணு கிண்ணு பட்டுரக் கூடாதுல்லா? சந்தனம் கொழச்சு, மேல குங்குமமும் வச்சுட்டேன்."

"மூடி மேல வச்சிருக்கலாமே! தொறந்து உள்ள கண்ணாடியில வச்சிருக்கீங்க!"

"மூடியில வச்சா அது மூடிக்குத்தான போய்ச் சேரும்?"

மாமியார் சொல்வதும் ஒரு நியாயம்தான். வெயிலுமுத்துவும் ஆயுத பூஜைக்கு மும்பை விக்ரோலி கம்பெனியில் டெம்போ, தராசு, தையல் மிஷின் என்று ஒன்று விடாமல் பொட்டு வைக்கிற ஆள்தான். ஆனால் டெம்போவின் கண்ணாடியில் வைத்தால் வைப்பரைப் போட்டுத் துடைத்துக்கொள்ளலாம். லென்ஸுக்கு ஏது வைப்பர்?

இத்தனைக்கும் அந்தக் கேமரா இந்த வீட்டார் கொடுத்ததுதான். மாமனார் வீட்டுத் தீபாவளிச் சீர் என்றால் எல்லாருக்கும் வேட்டி சட்டை வரும், மிஞ்சிப்போனால் ஒரு மோதிரம். வெயிலுமுத்துவுக்குப் போன தீபாவளிக்கு வந்தது டிஎஸ்எல்ஆர் கேமரா. கூடவே சின்ன லென்ஸ் ஒன்று, சாண் நீளத்துக்குப் பெரிய லென்ஸ் ஒன்று, தோளில் மாட்ட ஒரு பை. அவர் கேட்கவும் இல்லை, அதற்கு முன்னால் கேமராவைத் தொட்டதும் இல்லை.

"எதுலயும் முன்னால நிக்க ஆளு அத்தான் நீங்க. உங்களுக்குத்தான் இது சரி," என்று மச்சினன் தமிழ்செல்வன் பெட்டியைக் கையில் கொடுத்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மைதானே! மாரிசெல்வியைக் கட்டிய நாளிலிருந்து தாராவியில் இந்த வீட்டு விசேஷம் எதிலும் அவர் பின்னால் நின்றது கிடையாது. ஆல்பத்தைப் புரட்டினால் தெரியும்.

அன்றிலிருந்து விக்ரோலி வீட்டு ஜன்னலோரம் காக்கா, மாரிசெல்வி, குக்கர் என்று எடுத்துப் பழகினார். காக்கா பறந்துவிட்டது, மாரிசெல்வி திட்டினாள், குக்கர் மட்டும் நன்றாக வந்தது.

இன்று கொழுந்தியாள் பானுமதிக்கு நிச்சயதார்த்தம். ஸ்டூடியோ ஆளைச் சொல்லலாமா என்று அவரே கேட்டுப் பார்த்தார். "மாப்ள இருக்கும்போது வெளியாள் எதுக்கு?" என்று அத்தை ஒரே போடாகப் போட்டுவிட்டாள். "படம் வந்தா வருது, வராட்டி போவுது. நீங்க கேமராவ மட்டும் கீழ வச்சிராதீங்க." யார் வீட்டில் மருமகனை இப்படி நம்புவார்கள்? அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிட்டால் இனி இந்த வீட்டில் எந்த முகத்தோடு இலை முன்னால் உட்காருவது என்பதுதான் வெயிலுமுத்துவின் கவலை.

"மாப்பிள்ள வீட்டுக்காரவ சயான் ஸ்டேஷன்ல எறங்கிட்டாவளாம். ஜல்தி, ஜல்தி!" என்று தமிழ்செல்வன் மொபைலோடு உள்ளே வந்தான்.

வெயிலுமுத்து பக்கத்துக் கொடியில் கிடந்த துண்டை இழுத்து லென்ஸைத் துடைத்தார். சந்தனம் போனது. ஆனால் அது அத்தை வடை சுட்ட எண்ணெய்க் கையைத் துடைத்த துண்டு என்பது துடைத்த பிறகுதான் தெரிந்தது. கண்ணை வைத்துப் பார்த்தால் பானுமதி குளியலறை ஆவிக்குள் நிற்பதுபோல் இருந்தாள்.

"ஏங்க, தண்ணி விட்டுக் கழுவுங்களேன்," என்றாள் மாரிசெல்வி.

"ஏட்டி, அது என்ன தட்டா?" என்றார் வெயிலுமுத்து.

தட்டு இல்லை என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் வேறு வழி தெரியாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தார். ஓரத்தில் ஒட்டியிருந்த சந்தனம், குங்குமம், எண்ணெய் மூன்றும் ஒன்றுசேர்ந்து விளிம்புக்குள் இறங்கி, லென்ஸைத் திருப்பினால் கறகறவென்றது. சின்ன லென்ஸ் கதை முடிந்தது.

பரவாயில்லை, பெரிய லென்ஸ் இருக்கிறதே! மாட்டினார். அதற்குள் முலுண்டிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். வெயிலுமுத்து சுவரோடு சுவராக ஒட்டி நின்று கண்ணை வைத்தார். மாப்பிள்ளையின் அப்பாவுடைய மீசை தெரிந்தது. ஒரு காதும் தெரிந்தது. அவ்வளவுதான், மிச்ச மனுஷரைக் காணவில்லை.

தூரத்தில் இருக்கும் பறவையைப் பக்கத்தில் காட்டும் லென்ஸ் அது. தாராவி வீட்டில் எல்லாரும் ஏற்கெனவே பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.

"பின்னால போங்க அத்தான், இன்னும் கொஞ்சம் பின்னால," என்றான் தமிழ்செல்வன் உற்சாகமாக.

பின்னால் போனார். வாசல் வந்தது, இரண்டு தலை தெரிந்தது. கல்லி என்கிற சந்தில் இறங்கினார், மூன்று தலை. கல்லி எவ்வளவு அகலம்? இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அகலம். அதற்கு மேல் பின்னால் போனால் எதிர்வீடு. எதிர்வீடு ராபியாவுடையது.

"ராபியாக்கா, உள்ள வரலாமா?"

"வந்துட்டுல்லா கேக்கீங்க தம்பி? அடுப்புல இடிச்சிராதீங்க."

ராபியாவின் அடுப்பு மேடையில் முதுகை ஒட்டி நின்று, அவள் வாசல் வழியாகக் கல்லியைத் தாண்டி, மாமியார் வீட்டு வாசல் வழியாகப் பார்த்தபோதுதான் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருசேரக் கிடைத்தார்கள். வெயிலுமுத்துவுக்கு உயிர் வந்தது. அமுக்கினார்.

"பாஜு, பாஜு!" என்று வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டு தோல்மூட்டை சுமந்த ஒருவன் நடுவில் போனான். படத்தில் மூட்டை பளிச்சென்று விழுந்தது.

மறுபடி அமுக்கினார். சைக்கிள் போனது. மறுபடியும் அமுக்க, கேஸ் சிலிண்டர் போனது. கல்லி காலியான நேரம் பார்த்து அமுக்கினால், தானாக எழும்பிய பிளாஷ் ராபியாவின் எவர்சில்வர் பானையில் பட்டு அவர் கண்ணிலேயே திரும்ப அடித்தது.

பிளாஷை நிறுத்தினார். இப்போது வெளிச்சம் போதவில்லை. பொத்தானை அமுக்கினால் கேமரா 'டக்' என்று சொல்லிவிட்டு யோசித்தது. யோசித்து முடித்து இன்னொரு 'டக்' சொல்வதற்குள் அங்கே இருந்தவர்கள் எல்லாம் ஆடி அசைந்து பேய் மாதிரி பதிந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தாம்பூலத் தட்டு மாற்றத் தொடங்கிவிட்டார்கள்.

"யாரும் அசையாதீங்க!" என்று ராபியாவின் அடுப்படியிலிருந்து கத்தினார் வெயிலுமுத்து.

முலுண்டுக்காரர்கள் நல்ல மனுஷர்கள். அப்படியே நின்றார்கள். தேங்காய், பழம், பட்டுப்புடவை அடுக்கிய தட்டு அந்தரத்தில் நின்றது. 'டக்.' தண்ணீர் கேன்காரன் நடுவில் வந்து நின்று, யார் அசையக் கூடாது என்று விசாரித்தான். "இன்னொண்ணு, இன்னொண்ணு!" என்றார் வெயிலுமுத்து. மாப்பிள்ளையின் அப்பா கையில் தட்டு மெல்லச் சாயத் தொடங்கியது.

"பன்னெண்டு மணிக்கு எமகண்டம்!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். மேலே இருந்த தேங்காய் உருண்டு மாப்பிள்ளையின் கால் விரலில் விழுந்தது. அவன் "அம்மே!" என்றான். நல்லவேளை, அதற்குள் தட்டு கை மாறிவிட்டது.

வெயிலுமுத்து கேமரா வாரைக் கழுத்திலிருந்து கழற்றினார். இனி ஒரே வழிதான் என்று முடிவு செய்து கல்லியைத் தாண்டி ஓடிவந்து, கேமராவைத் தமிழ்செல்வனிடம் நீட்டினார்.

"லே, எனக்கு வரல. நீ எடு. எல்லாரும் நிக்கட்டும், நானும் வந்து நிக்கேன்."

"வேண்டாம்!" என்றது வீடே. அத்தை, மாரிசெல்வி, தமிழ்செல்வன் மட்டுமல்ல, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண்ணும் நிமிர்ந்து சொன்னாள்.

"உங்கள விட்டா யாரு அத்தான் எடுப்பா?" என்று தமிழ்செல்வன் கேமரா வாரைத் திரும்ப அவர் கழுத்திலேயே மாட்டி, இரண்டு தோளையும் பிடித்து எதிர்வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டான். "போங்க அத்தான். அங்கதான் நல்லா வருது."

இவ்வளவு கெடுத்தும் நம்புகிறார்களே! வெயிலுமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பப் போய் ராபியாவின் அடுப்போடு ஒட்டி நின்றார். பந்தி முடியும்வரை நகரவில்லை.

முலுண்டுக்காரர்கள் சாப்பிட்டு, சிரித்து, கிளம்பிப் போனார்கள். எல்லாரும் காலை நீட்டி உட்கார்ந்தபோது வெயிலுமுத்து நடு வீட்டில் நின்று கேமராவைத் தட்டித் தட்டிப் பார்த்தார். தோல்மூட்டை, சிலிண்டர், தண்ணீர் கேன், மீசை, பேய்கள். ராபியாவின் கரண்டி ஒரு படத்தில் அழகாக வந்திருந்தது.

"அத்த," என்றார். "ஒரு படமும் தேறல. பானுமதி நிச்சயத்தையே நாசம் பண்ணிட்டேன். என்னய நம்புனதுக்கு நல்லா செஞ்சுட்டேன். மன்னிச்சிருங்க."

"அதுக்கு எதுக்கு மாப்ள வெசனப்படுதீங்க? ஒரு வட சாப்பிடுங்க," என்றாள் முப்பிடாதியம்மாள்.

யாருக்கும் கோபமே இல்லை. அதுதான் அவருக்குப் புரியவில்லை. காலையிலிருந்து தமிழ்செல்வன் நோண்டிக்கொண்டிருந்த மொபைலை மாரிசெல்வி வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலுமுத்து எட்டிப் பார்த்தார். பானுமதி பட்டுப்புடவையில் நிற்கிறாள். தட்டு மாறுகிறது. மாப்பிள்ளை வெட்கப்படுகிறான். ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி, அத்தனையும் அருமையான படங்கள்.

"இவ்வளவு நல்லா எடுக்கவன் இவனே இருக்கும்போது," என்றார் வெயிலுமுத்து குழம்பிப்போய், "பின்ன எனக்கு எதுக்கு அத்த கேமரா வாங்கித் தந்தீங்க?"

தமிழ்செல்வன் கூரையைப் பார்த்தான். மாரிசெல்வி வடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மிச்சச் சாம்பாரை வாங்க வந்து வாசலில் நின்ற ராபியாதான் வாயைத் திறந்தாள்.

"நாந்தான் தம்பி யோசன சொன்னேன். தமிழ்செல்வன் கல்யாண ஆல்பத்துல தாலி கட்டுத படத்துலகூட தாலியக் காணோம், உங்க சிரிச்ச மொகந்தான் இருக்கு. கையில கேமரா இருந்தா நீங்க படத்துக்குள்ள வர முடியாதுல்லா?"