செக்ரட்டரி சாரின் மூக்கு

மின்விசிறியை நிறுத்தினோமா இல்லையா என்று பார்ப்பதற்காகத்தான் சிவராமன் போனில் கேமரா ஆப்பைத் திறந்தார். தெருமுனையில் தண்ணீர் லாரிக்குப் பக்கத்தில் நின்றபடி விரலை எங்கேயோ வைத்து அழுத்திவிட்டார் போலிருக்கிறது. திரையில் அவர் வீட்டு ஹாலுக்குப் பதிலாக அதே தெருவில் இருக்கிற கோமளா வீட்டு ஹால் தெரிந்தது. டிவி சீரியலின் சத்தம்கூடக் கேட்டது. ஹாலுக்கு அந்தப் பக்கம் சமையலறை. அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. கோமளா சோபாவில் சாய்ந்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

அறுபத்திரண்டு வயதில் ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிவராமன் ஓடினார். கோமளா வீட்டு அழைப்புமணியை வைத்த கையெடுக்காமல் அழுத்தினார்.

"அடுப்ப அணைம்மா" என்றார், கதவு திறந்ததும்.

கோமளா உள்ளே ஓடி, அணைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"நல்ல நேரத்துல வந்தீங்க சார். எப்படித் தெரிஞ்சது?"

"வாசனை வந்துச்சு."

"எங்கருந்து?"

"தெருமுனையில. லாரிகிட்ட நின்னுட்டிருந்தேன்."

கோமளா தெருமுனையை எட்டிப் பார்த்தாள். நடுவில் ஆறு வீடு, ஒரு திறந்த சாக்கடை, புகை கக்கிக்கொண்டு நிற்கிற லாரி.

"நல்ல மூக்கு சார் உங்களுக்கு" என்றாள்.

அயனம்பாக்கம் ஏரிக்குப் பின்பக்கம் இருக்கிற அந்தத் தெருவில் மொத்தம் பன்னிரண்டு வீடு. பாதிக்கு மேல் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். மாசி மாதத்தில் பட்டப்பகலில் கிருபாகரன் வீட்டுப் பூட்டை உடைத்து யாரோ கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போனதும், எல்லா வீட்டு ஹாலிலும் கேமரா வைக்க வேண்டும் என்று கிளம்பியவர் சங்கத்தின் செக்ரட்டரியான சிவராமன்தான்.

அவர் மனைவி வடிவு முகப்பேரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "வாசல்ல வைங்க. வீட்டுக்குள்ள எதுக்கு ஒரு கண்ணு?" என்று அப்போதே கேட்டாள்.

"வாசல்ல வெச்சா திருடன் கேமராவையும் சேர்த்து எடுத்துட்டுப் போவான்" என்று அவள் வாயை அடைத்தார்.

சங்கக் கூட்டத்திலும் ஒருவர் எழுந்து, இதை வேறு யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். சிவராமன் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் தரப் பரிசோதகராக இருந்தவர். அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய உருப்படியை மேலதிகாரிகூடத் திருப்பிப் பார்க்க மாட்டார். அந்தக் கையெழுத்தை அவர் ஒரு சொத்துப் போலக் காப்பாற்றி வந்தார். "உங்க வீட்டை உங்களத் தவிர ஈ காக்கா பாக்க முடியாது. நான் பொறுப்பு" என்றார். தீர்மானம் நிறைவேறியது.

இப்போது அந்தப் பொறுப்பு பாலோடு சேர்ந்து பொங்கிவிட்டது. கேமரா மாட்டிய டில்லிபாபுவுக்குப் போன் போட்டார்.

"டில்லி, என் போன்ல கோமளா வீடு தெரியுதுப்பா."

"மேல மூணு கோடு கீதே, அத்த அமுக்குனீங்களா சார்?"

"தெரியாம அமுக்கிட்டேன்."

"அத்த அமுக்குனா பன்னெண்டு ஊடும் வரும் சார்."

சிவராமன் பக்கத்தில் இருந்த மதகுச் சுவரில் உட்கார்ந்தார். "ஏன்யா வருது?"

"ஒரே அக்கவுண்டு, ஒரே பாஸ்வேர்டு. வராம இன்னா பண்ணும்? நீங்க சொல்லித்தான சார் அப்டி போட்டேன்."

சொன்னது உண்மைதான். பன்னிரண்டு வீட்டுக்குப் பன்னிரண்டு பாஸ்வேர்டு வைத்தால் பதினோரு பேர் மறந்துவிட்டு வந்து தன் கதவைத்தான் தட்டுவார்கள் என்று கணக்குப் போட்டார். தரம் என்றால் எல்லாம் ஒரே மாதிரி இருப்பது என்று தொழிற்சாலை அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. அந்த ஒரே பாஸ்வேர்டைத் தன் கையாலேயே துண்டுச் சீட்டில் எழுதி, கீழே தேதியோடு கையெழுத்தும் போட்டு, எல்லா வீட்டு மீட்டர் பெட்டியிலும் ஒட்டியிருந்தார்.

"சரி, தனித்தனியா மாத்திக் குடுத்துடு."

"மாத்தலாம் சார். ஊடு ஊடா போயி எல்லார் போனையும் வாங்கி, ஓடிபி கேட்டு மாத்தணும். நான் மாமியார் ஊர்ல கீறேன். தீமிதி. காப்பு கட்டிகினேன், பத்து நாளிக்கு ஊர் எல்லைய தாண்டக் கூடாது."

"அது வரைக்கும் நான் என்ன பண்றது?"

"அந்த மூணு கோட்ட அமுக்காதீங்க."

மற்றவர்களுக்கு இது தெரியுமா என்பதுதான் அடுத்த கவலை. எதிர்வீட்டு ஜேம்ஸ் மாநகரப் பேருந்தில் நடத்துநர். மனதில் இருப்பதை மறைக்கத் தெரியாத மனிதர் என்று சிவராமன் நம்பியிருந்தார். மாலையில் வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஜேம்ஸ், கேமரா ஆப் எல்லாம் ஒழுங்கா இருக்கா? தேவையில்லாதது எதுனா தெரியுதா?"

ஜேம்ஸ் சற்று நேரம் மேலே மின்கம்பியைப் பார்த்தார். "எனக்கு என் ஊடு தெரியுது சார். வேற இன்னா தெரியணும்?"

சிவராமனுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த மூன்று கோடுகளைப் போய் அழுத்த வேண்டும் என்று வேறு யாருக்குத் தோன்றப் போகிறது?

ஆனால் அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில், எல்லா வீட்டு அடுப்பும் அணைந்திருக்கிறதா என்று மட்டும் ஒரே ஒரு தடவை பார்ப்போம் என்று அழுத்தினார். பரிசோதகரின் கண் அடுப்போடு நிற்குமா? ஜேம்ஸ் வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்து, அதன்மேல் ரொட்டிப் பாக்கெட்டை வைப்பதையும் பார்த்துவிட்டது.

கால் மணி நேரத்தில் ஜேம்ஸ் காக்கிச் சட்டையோடு வந்து நின்றார்.

"சார், உங்க மூக்க பத்தி கோமளாக்கா சொல்லிச்சு. என் வண்டிச் சாவிய காணோம் சார்."

"சாவிக்கு ஏதுய்யா வாசனை?"

"டியூட்டிக்கு நேரமாச்சு சார். லேட்டானா பஸ்ஸ வேற ஆளுக்கு குடுத்துருவான்."

முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. சிவராமன் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "ஃப்ரிட்ஜ் மேல தேடினீங்களா?" என்றார். "ரொட்டி இருந்தா அதுக்கு அடியில."

அடுத்த நாள் கிருபாகரன் வந்தார். தாலுகா ஆபீசில் வேலை. பேச்சில் மரியாதை அதிகம். "சார், மூக்குக் கண்ணாடியக் காணோம். உங்க மூக்குதான் கண்டுபிடிச்சுத் தரணும்."

கண்ணாடி அவர் வீட்டு வாஷிங் மெஷின் மேல் இருப்பதை அன்று காலையும் அடுப்பு பார்க்கப் போன சிவராமன் பார்த்திருந்தார். இதோடு இந்தப் பேச்சை முடித்துவிட வேண்டும் என்று நினைத்து, "எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றார்.

"ஜேம்ஸுக்குச் சொன்னீங்க. எனக்குன்னா தெரியாதா? சிலிண்டர் பறிகொடுத்தவன் நான்."

சரி, தப்பாகச் சொல்லித் தொலைப்போம். அப்போதாவது இந்த மூக்கின் மேல் இருக்கிற நம்பிக்கை போகும். "மொட்டை மாடியில, தண்ணித் தொட்டிகிட்ட பாருங்க."

கிருபாகரன் போய்விட்டுப் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். இரண்டு கையையும் கூப்பினார். "கண்ணாடி அங்க இல்ல சார். ஆனா தொட்டி மூடி திறந்து கிடந்துச்சு. உள்ள ஒரு அணில் நீந்திட்டிருந்துச்சு. இதத்தானே நேரடியாச் சொல்லாம கண்ணாடின்னு சொல்லி அனுப்புனீங்க?"

செவ்வாய்க்கிழமை காலையில் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம் மஞ்சள் குங்குமத்தோடு இருந்தது.

"இது எதுக்கு?" என்று கேட்டாள் வடிவு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே.

"தெரியல."

"தெருவுல என்னென்னமோ பேசிக்கிறாங்க. மூக்கு, கீக்குன்னு."

"ஜலதோஷம்" என்றார் சிவராமன்.

அன்று மத்தியானம்தான் அது நடந்தது. அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்க்கப் போனார். கோமளா ஹாலில் தரையில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். டிவி ஓடவில்லை. சத்தமில்லாத அழுகை. என்ன கஷ்டமோ தெரியாது. நடுவில் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். கோமளா சட்டென்று முகத்தைத் துடைத்து, ஒரு சிரிப்பைப் போட்டுக்கொண்டு எழுந்து போனாள்.

சிவராமனுக்கு உடம்பெல்லாம் கூசியது. பாலைப் பார்த்தது வேறு, இது வேறு. அந்த அழுகையை அவள் யாருக்கும் காட்டவில்லை. அவர் திருடிப் பார்த்திருக்கிறார். சிலிண்டர் எடுத்துப் போனவனாவது ஒரு வீட்டோடு விட்டான் என்று நினைத்தபோது தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினார். அதற்குப் பிறகு அந்த மூன்று கோடுகளை அவர் தொடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதக் கூட்டம். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு செக்ரட்டரி பதவியை விட்டுவிடுவது என்று முடிவு செய்தார். ஆனால் எதையும் ஒத்திகை இல்லாமல் செய்து அவருக்குப் பழக்கமில்லை. தொழிற்சாலையில் டெல்லியிலிருந்து அதிகாரி வருகிறார் என்றால், அவரிடம் குட்மார்னிங் சொல்வதற்கே இரண்டு நாள் ஒத்திகை நடக்கும்.

புதன்கிழமையிலிருந்து வடிவு பள்ளிக்கூடம் போனதும், சரியாகப் பத்தரை மணிக்கு, ஹாலில் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று பேச ஆரம்பித்தார். வீட்டில் வேறு யாரும் கிடையாது. வடிவு வேலைக்கு ஆள் வைத்துக்கொள்கிறவளும் இல்லை. அதனால் வெட்கமில்லாமல் உரக்கவே பேசினார்.

"அன்பார்ந்த உறுப்பினர்களே. நான் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். அது பொய்யாகிவிட்டது. பாஸ்வேர்டு ஒன்றாக இருந்ததால் உங்கள் வீடுகளை நான் பார்த்தேன். என் மூக்கில் ஒரு விசேஷமும் இல்லை."

இந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைத்தது. அடுத்த வரி மறந்து போனது. அதற்கும் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் வலது பக்கம் மூன்று தடவை, இடது பக்கம் மூன்று தடவை துடைத்து மாட்டினால் வரி தானாக வந்தது: "இனி இந்தப் பொறுப்பில் இருக்க எனக்குத் தகுதி இல்லை." நான்கு நாளில் பேச்சு எண்ணெய் போட்ட யந்திரம் மாதிரி ஓடியது.

அந்த நான்கு நாளும் ஒருவரும் சாவி தேடிக்கொண்டு வரவில்லை. தெருவே ஏதோ அமைதியாக இருந்தது. வியாழக்கிழமை மாலை வாசலில் எதிர்ப்பட்ட ஜேம்ஸ், "தொண்டைக்கு சுக்கு போட்டு வெந்நி குடிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷன், ஜலதோஷம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் என்று சிவராமன் நினைத்துக்கொண்டார்.

ஞாயிறு சாயங்காலம் கிருபாகரன் வீட்டு மொட்டை மாடியில் கூட்டம். வழக்கமாக ஏழெட்டுப் பேர் வந்தாலே பெரிது. இன்று பன்னிரண்டு வீட்டிலிருந்தும் குடும்பத்தோடு வந்து, கீழே ஜமக்காளம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வடிவு முதல் வரிசையில் இருந்தாள். அவளிடம்கூட அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. கோமளா வீட்டிலும் ஜேம்ஸ் வீட்டிலும் காலை வேளையில் பாத்திரம் தேய்க்கிற பார்வதம், கூட்டத்துக்காக டீ போட்டு எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். சிவராமன் கையிலும் ஒரு டம்ளரைத் திணித்துவிட்டுப் பின்னால் போய் நின்றாள்.

ஒரு கையில் மைக், ஒரு கையில் டம்ளர். சிவராமன் ஆரம்பித்தார்.

"அன்பார்ந்த உறுப்பினர்களே. நான் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். அது பொய்யாகிவிட்டது."

கிருபாகரன் தலையை ஆட்டினார்.

"பாஸ்வேர்டு ஒன்றாக இருந்ததால் உங்கள் வீடுகளை நான் பார்த்தேன்."

வடிவு மட்டும் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். வேறு ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை, அதிர்ச்சி இல்லை. நல்லவர்கள், எவ்வளவு பெருந்தன்மை என்று அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. கோமளாவைப் பார்க்கத் துணிவில்லாமல் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு தொடர்ந்தார்.

"என் மூக்கில் ஒரு விசேஷமும் இல்லை."

தொண்டை அடைத்தது. அடுத்த வரி வரவில்லை. மைக்கை இறுகப் பிடித்தார். டம்ளரைப் பார்த்தார். வரவே இல்லை. நாற்பது பேர் மூச்சுவிடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜேம்ஸின் உதடு மட்டும் லேசாக அசைந்தது.

பின்னால் நின்ற பார்வதத்துக்குத்தான் பொறுக்கவில்லை. டீக் கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"டம்ளர அப்டி வச்சிட்டு கண்ணாடிய கழட்டித் தொடைங்க சார், வந்துரும். தெனிக்கும் அந்த எடத்துல தான தொடைப்பீங்க."