பூட்டாத கேட்டும் பெயரிடல் குழுவும்

உலகில் நல்ல பெயர் இல்லாமல் எதுவும் உருப்பட்டதில்லை. கொல்கத்தாவில் இதை உணர்ந்த ஒரே மென்பொருள் நிறுவனம் எங்களுடையது. அதன் பெயரிடல் குழுவுக்கு நான் தலைவர். இலக்கியம் படித்தவன். நிரல் எழுதத் தெரியாது. ஆகவே பாரபட்சமும் கிடையாது.

ஒவ்வொரு நிரல்மொழியும் சில சொற்களைத் தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளும். அவற்றை வேறெதற்கும் பெயராக வைக்க முடியாது. எங்கள் மொழி ஒதுக்கியது முப்பத்துச் சொச்சம். அடக்கமான மொழி. குழு மேலும் நானூறு ஒதுக்கியது.

துர்கா பூஜையின் பஞ்சமியன்று மதுவந்தி ஓடிவந்தாள். அவள்தான் எங்களுக்கு நிரல் எழுதுபவள். ஹவுராவுக்குப் படகு விடும் ஒரு துறையில், படகு நிறைந்ததும் கேட்டைப் பூட்டுவது எங்கள் நிரல். அன்று அது பூட்டவில்லை.

"அதைச் சரிபண்ண ஒரே வரிதான் ஸார், எழுதிட்டேன். ஏறினவங்க எண்ணிக்கைக்கு 'கவுண்ட்'னு பேர் வெச்சிருக்கேன்."

"அது ஒதுக்கப்பட்ட சொல்."

"எந்த மொழியில?"

"குழுவில."

குழு கூடியது. உறுப்பினர் ஜெய்ராம் கண்ணை மூடினார். "பயணின்னா யாரு? ஏறினவனா, ஏற நினைக்கிறவனா?"

குழுவில் மூத்தவர், எல்லோருக்கும் 'தாதா', அதாவது அண்ணன், பிஸ்வாஸ்-தா வங்காள மொழியில் தீர்ப்பளித்தார்: "எங்களில் எல்லோருக்கும் இரண்டு பெயர். வீட்டுக்கு டாக் நாம், உலகத்துக்கு பாலோ நாம். இதற்கும் இரண்டு வேண்டும். அவசரப்பட்டு வைத்தால் பிள்ளை ஆயுசுக்கும் சுமக்கும்."

"தாதா, பூஜா கூட்டம்! படகு தாங்காது!"

டீ வந்தது. கூட்டத்தை ஒத்திவைத்தோம்.

அவள் பொறுக்கவில்லை. 'எக்ஸ்' என்று பெயரிட்டு நிரலை ஏற்றிவிட்டாள். கேட் பூட்டிக்கொண்டது. வெளியே நின்றவர்கள் திட்டிக்கொண்டே அடுத்த படகுக்குக் காத்திருந்தார்கள்.

எக்ஸ்! ஒற்றை எழுத்து! குழு மீண்டும் கூடியது. முதல் முறையாக, டீ வருவதற்குள், ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: 'தகுந்த பெயர் அமையும்வரை மேற்படி வரி நீக்கப்படுகிறது.' கையெழுத்து என்னுடையது.

"கேட் திறந்துக்கிச்சு ஸார்."

"கொள்கை காப்பாற்றப்பட்டது, மதுவந்தி."

"உங்க வீடு ஹவுரா பக்கம் சாந்த்ராகாச்சிதானே? அந்தப் படகுலதானே தினம் போறீங்க?"

"ஆமாம்."

"இன்னிக்கும்?"

அன்று டாக்சியில் போனேன். பாலத்தின் மேலிருந்து அந்தத் துறை தெரியும். நான் எதிர்ப்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.